லாரி கடக்கும்போது ஆடும் வண்டி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. காஞ்சிபுரத்தில் வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, போக 35, வர 35 கிலோமீட்டர். கையில் இருப்பது ஏழு வருடப் பழைய 110 சிசி ஸ்கூட்டர், இரண்டு பக்கமும் 10 அங்குலச் சக்கரம். இனி 125 எடுப்பதா, 150 பக்கம் போவதா, மின்சார வண்டியா? அண்ணன் வேறு பைக்தான் எடுக்கணும் என்கிறார். இதற்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கன்டெய்னர் லாரி பக்கத்துல போனா வண்டி ஆடுது, கை விறைச்சுப் போகுது." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எத்தனை சிசி என்பது அதற்குப் பிறகுதான். நான் ஒரு ஷோரூம் சர்வீஸில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் சொந்தப் பட்டறை போட்டுப் பதின்மூன்று வருடம் ஆகிறது. என்னிடம் வரும் ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் உங்களைப் போல ஷிஃப்டுக்கு ஓடுகிறவை. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆட்டம். பெரிய லாரி நம்மைத் தாண்டும்போது அதன் முகப்பு தள்ளும் காற்று நம்மை இடப்பக்கம் தள்ளும், லாரி கடந்து முடிகிற நேரத்தில் அதன் பின்னால் விழும் காற்று வலப்பக்கம் இழுக்கும். எந்த இருசக்கர வண்டியும் இதற்குத் தப்ப முடியாது. ஆனால் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, அதோடு முடிந்துவிட வேண்டும். லாரி போன பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை நெளிந்தால் காற்றைக் குறை சொல்ல முடியாது, வண்டியில் ஏதோ தளர்ந்திருக்கிறது. புதிது வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்பக்கத்தை ஒருவர் அழுத்தினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். ஹேண்டில்பாரை இரண்டே விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்த மாதிரி 'டக்'கென்று பிடித்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங், போய்விட்டது. அப்புறம் முன் சக்கரத்தின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் கோன் செட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் முன் புஷ் தேய்ந்திருக்கும். கடைசியாகப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள். ஸ்கூட்டரில் இன்ஜினும் பின் சக்கரமும் ஒரே கட்டு. அந்தக் கட்டு முழுவதும் ரப்பர் புஷ்களில்தான் தொங்குகிறது. புஷ் தேய்ந்தால் முன் சக்கரம் ஒரு திசை பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு திசை பார்க்கும். டயரையும் ஒரு பார்வை பாருங்கள். நேர் சாலையிலேயே ஓடும் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து பலகை மாதிரி தட்டையாகிவிடும். அதுவும் வண்டியை ஆட்டும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெண் இதே குறையோடு, வண்டியை விற்றுக் கொடுங்கள் என்று வந்தார். கோன் செட்டும் பின்பக்க புஷ்ஷும் மாற்றினேன், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து, விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. ஏழு வருட வண்டி, தினம் 70 கிலோமீட்டர் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆட்டம் எதனால் என்று தெரியாமல் மாற்றினால், புது வண்டியிலும் கை விறைத்தபடியேதான் போவீர்கள்.

சரி, புது வண்டி. ஹைவேக்கு என்றதும் எல்லோரும் டாப் ஸ்பீடைக் கேட்கிறார்கள். நான் முதலில் சக்கரத்தைப் பார்ப்பேன். 90/100-10 என்று போட்ட டயர், ரிம்மோடு சேர்த்து ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயரம். 90/90-12 என்றால் 47. யமஹா ஏராக்ஸின் 14 அங்குலச் சக்கரங்கள் டயரோடு 53, 55 வரை வரும். சாதாரண 100 சிசி பைக்கின் 18 அங்குலச் சக்கரம் 60-ஐத் தொடும். எண்ணில் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒரே பள்ளத்தைப் பெரிய சக்கரம் தாண்டிவிடும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். நம் சாலை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறு வழியாக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்ததில், மேம்பாலம் கட்டுகிற இடமெல்லாம் சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஏற்றி ஓட்டியே பழகிவிட்டோம். பழைய தாருக்கும் புதுத் தாருக்கும் நடுவில் நீளவாக்கில் ஓடும் அந்த விளிம்பு இருக்கிறதே, 10 அங்குலச் சக்கரம் அதில் ஏறும்போதுதான் ஹேண்டில் கையை விட்டுப் போகப் பார்க்கும். அதனால் என் முதல் கோடு இது: முன்னும் பின்னும் குறைந்தது 12 அங்குலம். முன்னால் 12, பின்னால் 10 என்று வரும் வண்டிகள் ஊருக்குள் ஓட்ட அருமையானவை. தினமும் 70 கிலோமீட்டருக்கு அவற்றை இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

அடுத்தது பிரேக். 50-இல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 70-இல் போவதை நிறுத்த பிரேக் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. முன்னால் டிஸ்க் இல்லாத வண்டியை இந்தச் சாலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. இதில் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ் என்பது இடது கையைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். எம்-சாண்ட் லாரி சிந்திவிட்டுப் போன மணலில், பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் ஏபிஎஸ். ஸ்கூட்டரில் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். பரவாயில்லை, ஆளைக் கீழே போடுவது முன் சக்கரம்தான். ஆக 125-இலிருந்து 150-க்குப் போகும்போது இழுவை மட்டும் கூடவில்லை, ஏபிஎஸ்ஸும் கூடவே வருகிறது. நான் பட்ஜெட்டை நீட்டச் சொன்னால் இதற்காகத்தான் சொல்வேன்.

இழுவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரில் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம், நெஞ்சே பாய்மரம் மாதிரி. 60-இலிருந்து 80-க்கு ஏற, காற்றை மட்டும் வெல்வதற்கே இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். 110 சிசி வண்டியின் இன்ஜின் ஏறக்குறைய 8 குதிரைத்திறன். 70-இல் ஓடும்போதே கையில் இருப்பதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருக்கும். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நாற்பதில் போகிறது, பின்னால் ஆம்னி பஸ் வருகிறது, ஏறி முந்த வேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினாலும் சத்தம்தான் வரும், வண்டி வராது. 125-இல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 150-இல் நன்றாகவே இருக்கும். டாப் ஸ்பீடு 95-ஆ 104-ஆ என்பதை மறந்துவிடுங்கள். நீங்கள் அந்த வேகத்தில் போகப் போவதில்லை, போகவும் கூடாது. 65-இல் போகும்போது கையில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு.

பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். 125-இல் இரண்டு பக்கமும் 12 அங்குலம், முன் டிஸ்க் என்று தேடினால் டிவிஎஸ் ஜூபிடர் 125-இன் டிஸ்க் மாடல், என்டார்க் 125, சுசுகி பர்க்மன் ஸ்ட்ரீட் இஎக்ஸ் மூன்றும் முதலில் வரும். ஜூபிடர் 125-இல் பெட்ரோல் டேங்க் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் இருப்பதால் சீட்டுக்கடியில் இடம் தாராளம், பெட்ரோல் போட இறங்கிச் சீட்டைத் தூக்கவும் வேண்டாம். என்டார்க்கின் பின் டயர் 110 அகலம், 125 வகையில் சாலையை நன்றாகப் பிடிக்கிற வண்டி. எடை கொஞ்சம் கூட, மைலேஜ் கொஞ்சம் குறைவு. பர்க்மன் இஎக்ஸில் உட்காரும் வாகு நீண்ட தூரத்துக்குச் சுகம். ஆக்சஸ் 125, ஆக்டிவா 125 இரண்டும் நல்ல இன்ஜின்கள், ஆக்சஸ் எடை குறைவு, சட்டென்று கிளம்பும். ஆனால் இரண்டுக்கும் பின் சக்கரம் 10 அங்குலம் என்பதால்தான் தள்ளி வைக்கிறேன்.

150 பக்கம் போனால் யமஹா ஏராக்ஸ் 155-ஐத்தான் ஹைவேக்கென்றே செய்த மாதிரி வண்டி என்று சொல்ல வேண்டும். தண்ணீரால் குளிரும் இன்ஜின், 15 குதிரைத்திறன் அளவில் சக்தி, 14 அங்குலச் சக்கரம், ஏபிஎஸ். உங்கள் உயரம் 5 அடி 2 என்று எழுதியதால் தயங்குகிறேன். சீட் உயரம் 790 மில்லிமீட்டர், சீட்டும் அகலம், எடை 126 கிலோ. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு வருவதால் கால் வைக்கும் இடத்தில் பை வைக்க முடியாது, புடவையில் ஏறி உட்காருவதும் சிரமம். சுடிதாரோடு போய் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிந்தால் தாராளமாக யோசிக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த என்டார்க் 150, உங்கள் தேவைக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. 13 குதிரைத்திறன், ஏபிஎஸ், 12 அங்குலச் சக்கரம், கால் வைக்கத் தட்டையான தளம். காகிதத்தில் பார்த்தால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரே ஒரு தயக்கம், அது புது வண்டி. 50 ஆயிரம் ஓடிய ஒன்றை நான் இன்னும் பிரித்துப் பார்த்ததில்லை, அதனால் உழைக்குமா என்று கேட்டால் என் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம், பழைய விலைப் பட்டியலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

மின்சார வண்டி விஷயத்தில் என் கைப்பழக்கம் குறைவு, பிரேக், டயர், சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் பார்க்கிறேன். ஆனால் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. ஊருக்குள் நின்று நின்று போகும்போது மின்சார வண்டி சிக்கனம், ஹைவேயில் ஒரே வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகும்போது சார்ஜ் வேகமாக இறங்கும். பெட்ரோல் வண்டிக்கு நேர் எதிர். கம்பெனி சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது என்றுதான் 70-இல் ஓட்டும் என் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 150 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் வண்டி உங்களுக்கு 100 தரும். 70-க்கு அது போதும். பேட்டரி நாலைந்து வருடத்தில் தேய்ந்த பிறகும் போதுமா, ஓவர்டைம் முடிந்து மழையில் சுற்றி வரும் நாளில் போதுமா என்பதை யோசியுங்கள். கம்பெனியிலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் இந்தக் கவலையில் முக்கால்வாசி போய்விடும். அது இல்லாமல், சின்ன பேட்டரி மாடலை விலை குறைவென்று மட்டும் எடுக்க வேண்டாம்.

அண்ணன் சொல்வது தப்பில்லை. ஹைவேயில் நேராக நிற்பதிலும், பள்ளத்தைத் தாண்டுவதிலும், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் இன்ஜினே வேகத்தைப் பிடிப்பதிலும் பைக் மேல். ஸ்கூட்டரில் அந்த இன்ஜின் பிடிப்பு குறைவு, அதனால் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். ஆனால் கியர் வண்டி பழகாத ஒருவர், தினமும் கன்டெய்னர்களுக்கு நடுவில் போய்ப் பழகிக்கொள்ளட்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. ஆறு மாதம் ஊருக்குள் ஓட்டிப் பழக நேரம் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி ஓடும் செலவு. 25 வேலை நாள் என்றால் மாதம் 1,750 கிலோமீட்டர், வருடத்துக்கு 21,000. ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டர் மூன்று நாலு வருடத்தில் ஓடுவதை நீங்கள் ஒரே வருடத்தில் ஓட்டிவிடுவீர்கள். லிட்டருக்கு 45 தரும் வண்டி மாதம் 39 லிட்டர் குடிக்கும், 39 தரும் வண்டி 45 லிட்டர். ஆறு லிட்டர்தான் வித்தியாசம், அறுநூறு ரூபாய்க்குப் பக்கம். மைலேஜுக்குப் பயந்து ஏபிஎஸ்ஸை விட்டுவிட வேண்டுமா என்பதை இந்த அறுநூறை வைத்து முடிவு செய்யுங்கள். பெட்ரோலைவிட முக்கியம் பெல்ட். ஸ்கூட்டரில் செயின் கிடையாது, இன்ஜினையும் பின் சக்கரத்தையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். பொதுவாக 20, 25 ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். உங்களுக்கு அது வருடத்துக்கு ஒரு தடவை.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தம்பி ராஜகுளம் பக்கத்திலிருந்து போன் செய்தான். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருகிறான், "அண்ணே, இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது." கேட்டவுடனே தெரிந்துவிட்டது. காலையில் பக்கவாட்டுக் கவரைக் கழற்றினால் உள்ளே பெல்ட்டே இல்லை, அள்ளிப் போட்ட கறுப்பு நூல் மாதிரி ஒரு கொத்துதான் கிடந்தது. 31 ஆயிரம் கிலோமீட்டர். எங்கேயோ விட்ட சர்வீஸில் பெல்ட் பார்த்ததாக ஒவ்வொரு தடவையும் டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, அன்றைக்கு அவன் இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தான். நீங்கள் பெல்ட்டும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ரோலரும் மாற்றும்போது கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை கம்பெனி கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும், முழு வேகத்தில் 35 கிலோமீட்டர் நிற்காமல் ஓடும் வண்டிக்கு நான் மூவாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். முக்கால் லிட்டர் ஆயில், அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது.

நான் அடித்துச் சொல்ல முடியாதவையும் உண்டு. உயரமான கண்ணாடி வைசர் போட்டால் நெஞ்சில் காற்று அடிக்காது, அது நிச்சயம். ஆனால் லாரி கடக்கும்போது ஆட்டத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதில் என் வாடிக்கையாளர்களே இரண்டு கட்சி. விலை உயர்ந்த டயர் மாற்றினால் நிலைத்து நிற்கும் என்பதும் அப்படித்தான். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்க்காதவருக்கு எந்த டயரும் உதவாது என்று மட்டும் தெரியும். சனிக்கிழமை பின்னால் அம்மாவை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள், அன்றைக்குப் பின் டயரின் அழுத்தத்தைக் கையேட்டில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். ஹெல்மெட் முழு முகம் மூடியது, ஐஎஸ்ஐ முத்திரையோடு. பின் மட்கார்டில் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் இருபது ரூபாய்க்கு ஒட்டலாம். ராத்திரி ஷிஃப்டுக்கு அது ஹெட்லைட்டைவிடப் பெரிய உதவி, ஏனென்றால் நீங்கள் பார்ப்பதைவிட லாரிக்காரர் உங்களைப் பார்ப்பதுதான் முக்கியம்.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் என்டார்க் 150-ஐயும் ஏராக்ஸையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். காசு எட்டாவிட்டால் என்டார்க் 125, அது எடை தட்டினால் ஜூபிடர் 125 டிஸ்க். ஷோரூம் தெருவுக்குள் ஒரு சுற்று சுற்றி வருவது டெஸ்ட் ரைடு இல்லை. பொன்னேரிக்கரை வரை வந்து ஹைவேயில் ஐந்து நிமிடமாவது ஓட்ட விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் அதே வண்டி வைத்திருக்கும் கம்பெனித் தோழியிடம் கேளுங்கள். 50-இலிருந்து 70-க்குத் திருகிப் பாருங்கள், ஒரு லாரி கடக்கும்வரை காத்திருங்கள், ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் ஒருமுறை அழுத்தி பிரேக் பிடியுங்கள். டிபன் பையையும் ஹெல்மெட்டையும் எடுத்துப் போய், சீட்டுக்கடியில் நுழைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் அடுத்த மாதம்கூடச் செய்யலாம். கோன் செட் சோதனையை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். சக்கரம் லொடலொடத்தால் திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் பஸ்ஸில் போய்விட்டு, வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.